வாஷிங் மெஷின் தண்ணீரைச் செடிகளுக்குத் திருப்புவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. வாஷிங் மெஷின் தண்ணீரையும் ஆர்.ஓ. (குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம்) கழிவு நீரையும் தோட்டத்துக்குத் திருப்பிவிட நினைக்கிறேன். ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

ஆர்.ஓ.வில் ஒரு லிட்டர் குடிநீர் எடுத்தால் இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகிறது. வாளி வைத்துப் பிடித்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு என்று உறைக்கிறது. இப்போதைக்கு அதில் வீடு துடைக்கிறோம், கழிவறைக்கு ஊற்றுகிறோம். உப்பு செறிந்த நீர் என்பதால் தொட்டிச் செடிகளுக்கு விடத் தயக்கம். நல்ல தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து விடுகிறவர்கள் உண்டா? மண் மேல் வெள்ளையாகப் படிகிறதா?

மெஷின் தண்ணீர் இன்னும் சிக்கல். சோப்புத்தூளில் இருக்கும் சோடியம் சேரச் சேரக் களிமண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது. அதனால் முதல் தண்ணீரைச் சாக்கடைக்கே விட்டுவிட்டு, அலசுகிற தண்ணீரை மட்டும் வாழைக்கும் செம்பருத்திக்கும் விடலாம் என்று யோசனை. கீரைப் பாத்திக்கு வேண்டவே வேண்டாம். தேக்கி வைத்தால் நாற்றமெடுக்கும். அன்றன்றே வேரடிக்குப் போய்விட வேண்டும்.

குழப்பமெல்லாம் குழாய் அமைப்பில்தான். மெஷின் ஒவ்வொரு முறை நீரை வெளியேற்றும்போதும் பக்கத்திலேயே காவல் காக்க முடியுமா, சொல்லுங்கள்! தண்ணீரைச் சாக்கடைக்கோ தோட்டத்துக்கோ மாற்றிவிடும் மூவழி வால்வு போதுமா? நூலும் பஞ்சும் அடைக்காமலிருக்க வலையை எங்கே வைத்தீர்கள்? சோடியம் குறைந்த திரவ சோப்புக்கு மாறியவர்கள் அதையும் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் அமைப்பின் படம் இருந்தால் போடுங்கள், ரொம்ப உதவியாக இருக்கும்.