போஸ்டரில் இருக்கிற பெண் மாதிரி ஆகப்போவதில்லை என்றால் ஜிம்முக்கு எதற்குப் போவது?

மடிப்பாக்கம்36:
வயது 36, இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சிசேரியன், சின்னவனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்து ஜிம்மில் காலை 11 மணி லேடீஸ் பேட்ச்சில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. சேர்ந்த அன்றைக்கே பக்கவாட்டில் நிற்கவைத்து, மூச்சை விடச் சொல்லி 'பிஃபோர்' போட்டோ எடுத்துவிட்டார்கள். சுவர் முழுக்க வயிற்றில் தசைக்கோடு தெரிகிற பெண்களின் போஸ்டர், ஒரு முகமாவது நம்ம ஊர் முகம் இல்லை. முதுகுவலி குறைந்திருக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது, ஆனால் எடை பெரிதாக இறங்கவில்லை, வயிறு அப்படியே இருக்கிறது. ட்ரெய்னர் போஸ்டரைக் காட்டி "பர்சனல் ட்ரெய்னிங் எடுங்கக்கா, மூணு மாசத்துல இப்படி ஆயிடலாம்" என்கிறார். நாத்தனாரோ "இன்னும் அப்படியேதானே இருக்கே, காசுக்குக் கேடு" என்கிறாள். இன்ஸ்டாவைத் திறந்தால் அதிலும் இதேதான். நின்றுவிடலாமா என்று இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள்.

கேன்தண்ணி:
முதுகுவலி குறைந்திருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டு நிற்கட்டுமா என்றும் கேட்கிறீர்களே! பெரம்பூரில் எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கேன் போடுகிற தம்பி வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார், வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வரும்வரை அது அங்கேயே கிடக்கும், நாங்கள் குடத்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்போம். 20 லிட்டர் கேன் என்றால் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. ஜிம்மில் டெட்லிஃப்ட், அதாவது தரையில் இருக்கிற எடையைத் தூக்கி நிமிர்கிற பயிற்சி, பழகிய பிறகு முழங்காலை மடக்கி, கேனை உடம்போடு ஒட்டிப் பிடித்து எழுந்து, ஒரே மூச்சில் டிஸ்பென்சர்மேல் கவிழ்த்துவிடுகிறேன், தரையில் ஒரு சொட்டு சிந்தாது. என் இடுப்பளவு அன்றைக்கும் இன்றைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எத்தனை கிலோ தூக்கினேன் என்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன், என் எடையை எழுதுவதில்லை.

ஜரிகைக்கோடு:
ஆண் பதில் சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் என் தொழில் இது. வடபழனியில் விளம்பரப் படங்களுக்கு ரீடச்சிங் செய்கிறேன், ஜவுளிக்கடை கேட்லாக்தான் அதிகம், ஆடியிலிருந்து தீபாவளி வரை ராத்திரி பகல் தெரியாது. புடவை கட்டிய பெண் கொஞ்சம் திரும்பி நின்றாலே இடுப்பில் மடிப்பு விழும். மாடலுக்கும் விழும், தினமும் ஒர்க்கவுட் பண்ணுகிற மாடலுக்கும் விழும். அதை எடுத்துவிடச் சொல்லிக் குறிப்பு வரும். இடுப்பை உள்ளே தள்ளினால் பக்கத்திலிருக்கிற பார்டரும் கூடவே வளைந்துவிடும், அப்புறம் அந்த ஜரிகையை நேராக்க உட்கார வேண்டும். இடுப்புக்கு இரண்டு நிமிஷம், பார்டருக்கு அரை மணி நேரம்! அக்குள் மடிப்பு, முழங்கைக் கறுப்பு எல்லாம் போய்விடும். ஃபிரான்ஸில் 2017 முதல் விளம்பரத்தில் மாடலின் உடம்பை மெலிய வைத்தாலோ பெருக்க வைத்தாலோ 'திருத்திய படம்' என்று போட்டாக வேண்டும், நார்வேயிலும் 2021-இல் அதே மாதிரி சட்டம் போட்டார்கள், அது இன்ஸ்டா ஆட்களுக்கும் சேர்த்து. இங்கே அப்படி ஒரு சட்டம் வந்தால் மவுண்ட் ரோடு பேனர்களில் பாதிக்கு மேல் அந்த வரியை அச்சடிக்க வேண்டியிருக்கும்.

பிசியோ_அடையாறு:
மடிப்பாக்கம் மேடம், உங்கள் வயிறு கொழுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கர்ப்பத்தில் வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைகளுக்கும் இடையில் உள்ள திசு விரியும். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகும் அந்த இடைவெளி மூடாது, ஆள் ஒல்லியாக இருந்தாலும் வயிறு மட்டும் முன்னால் தள்ளி நிற்கும். இதைப் பார்க்காமல் க்ரஞ்சஸ் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்குகிற வயிற்றுப் பயிற்சி) போட வைப்பதுதான் எனக்குக் கோபம் வருகிற விஷயம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை லேசாகத் தூக்கும்போது நடுக்கோட்டில் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் அகலமாகத் தெரிந்தால் ஒரு பிசியோவிடம் நேரில் காட்டுங்கள்.

இன்னொன்று, பெண்ணுடம்புக்கு இயல்பாகவே ஆணைவிடக் கூடுதல் கொழுப்பு தேவை. போஸ்டர் வயிற்றுக்காகச் சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைத்து, மாதவிடாய் நின்றுபோய் வருகிறவர்களை நான் பார்க்கிறேன். அப்படியே விட்டால் எலும்பும் பலவீனமாகும். மூன்று மாதத்தில் இப்படி ஆகலாம் என்று விற்கிறவர் இதையெல்லாம் சொல்வதில்லை.

ஓஎம்ஆர்_ஓட்டம்:
எல்லாரும் திட்டுங்கள், பரவாயில்லை. எனக்கு போட்டோ உதவியது. யாரோ மாடல் இல்லை, காலேஜ் கடைசி வருஷம் எடுத்த என் போட்டோதான், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துத்தான் 9 கிலோ குறைத்தேன். இலக்கே வேண்டாம் என்றால் ரெண்டு வாரத்தில் ஆர்வம் போய்விடும்.

டவர்பார்க்_பாட்டி:
குறைத்தது சந்தோஷம்மா. ஆனால் இருபது வயசுப் பெண்ணும் உனக்கு வேறு ஆள்தான், அவளுக்குப் பிள்ளை கிடையாது, தைராய்டு கிடையாது, காலை ஆறு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டியதும் கிடையாது. எனக்கு 61. அண்ணா நகர் டவர் பார்க்கில் புடவைக்குக் கீழே ஷூ போட்டு நடக்கிறேன், முதலில் சிரித்தவர்கள் இப்போது என் வேகத்துக்கு வர முடியாமல் பின்னால் வருகிறார்கள். இலக்கு வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் வேக நடை மாதிரி ஏதாவது, இரண்டு நாள் தசைக்கு வேலை. கிலோவே அதில் வராது பார். என் சர்க்கரை டாக்டர் டேப் வைத்து அளக்கிறார், நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் வேண்டுமாம். அது சர்க்கரைக்காக, பிரஷருக்காக. அந்த நம்பரை நான் மதிக்கிறேன், நாத்தனார் வாயை மதிப்பதில்லை.

மடிப்பாக்கம்36:
எல்லாருக்கும் நன்றி. இன்றைக்குப் போய் பர்சனல் ட்ரெய்னிங் வேண்டாம் என்றேன், அந்த 'பிஃபோர்' போட்டோவையும் அழிக்கச் சொன்னேன், ட்ரெய்னர் முழித்தார், ஆனால் என் முன்னாலேயே அழித்துவிட்டார். க்ரஞ்சஸையும் நிறுத்திவிட்டேன். பிசியோ மேடம், அந்த விரல் சோதனையைக் கட்டிலில் தலையணையோடு செய்யலாமா?

பிசியோ_அடையாறு:
மெத்தை வேண்டாம், அமுங்கும். தரையில் பாய் போட்டு, தலையணை இல்லாமல், சாப்பிட்ட உடனே இல்லாமல். தொப்புளுக்கு மேலேயும் கீழேயும் இரண்டு இடத்திலும் பாருங்கள். நேரில் காட்டும்வரை டெட்லிஃப்ட், ஸ்குவாட் (உட்கார்ந்து எழுகிற பயிற்சி) எல்லாம் லேசான எடையில் செய்யலாம், மூச்சை அடக்கி முக்க வேண்டாம்.