செயன்முறை முதிர்ச்சி: ‘பக்குவம்’ ஏன் பொருந்தவில்லை?

அன்புடையீர், வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே மென்பொருளை உருவாக்கும் அணி வேலைமுறையில் அடைந்த வளர்ச்சிநிலையை (process maturity) குறிக்க ‘மென்பொருள் முதிர்ச்சி’, ‘பக்குவம்’, ‘தேர்ச்சி’ ஆகிய மூன்றும் இதுவரை முன்மொழியப்பட்டுள்ளன. ‘தேர்ச்சி’யை முதலிலேயே விலக்கிவிடலாம், நம் பாடத்திட்டங்களில் அது மாணவரின் அடைவுக்கு உரியதாக நிலைத்துவிட்டது.

‘மென்பொருள் முதிர்ச்சி’ என்னும் தொடர், எது முதிர்கிறது என்பதையே மாற்றிக் காட்டுகிறது. இக்கருத்தை 1980களின் பிற்பகுதியில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவகத்தில், வாட்ஸ் ஹம்ப்ரி ஐந்து மட்டங்களாக வகுத்தார். 1991இல் அது ‘இயலுமை முதிர்ச்சி மாதிரி’யாக (Capability Maturity Model, CMM) வெளிவந்தது. அதில் மதிப்பிடப்படுவது நிரலும் அல்ல, நிரலாளரின் வயதோ அனுபவமோ அல்ல. அவர்கள் வேலை செய்கின்ற முறை. ஆகவே ‘செயன்முறை’ என்ற முன்னொட்டு இல்லாமல் எந்தச் சொல்லை வைத்தாலும், பழைய மென்பொருளே முதிர்ந்த மென்பொருள் என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார்.

‘பக்குவம்’ அழகான சொல். அது வடமொழிவழி வந்தது என்ற ஆட்சேபத்தை நான் பொருட்படுத்தவில்லை. என் தயக்கம் வேறு. நாம் அதை அன்றாடம் கையாளும் இடம் ‘கைப்பக்குவம்’. அதே குளத்து விரால், அதே தூள், ஆனால் ஒருவர் வைத்தால் மட்டுமே வாய்க்கின்ற குழம்பு. ஹம்ப்ரியின் அடுக்கில் இது முதலாம் மட்டம், அதாவது தனியாள் திறமையில் தொங்கிக்கொண்டிருக்கும் நிலை. மேலேறுவதன் பொருளே அந்தக் கைப்பக்குவத்தை எல்லோர்க்கும் பொதுவான முறையாக்குவதுதான் என்னும்போது, அதற்கு இச்சொல்லையே சூட்டுவது நேரெதிரான பொருளைத் தரும்.

இப்படி வெவ்வேறு ஊர்களில் இருந்து இயங்கும் பரம்பிய அணிகளில் (distributed teams) இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரியும். கிளிநொச்சியில் மாலை 6.30 ஆகும்போது ரொறன்ரோவில் கோடைகாலத்தில் காலை 9 மணி. குளிர்காலத்தில் அதே 9 மணிக்கு இங்கே 7.30 ஆகிவிடும். அங்குள்ளவர் வேலையைத் தொடங்கும்போது இங்குள்ளவர் எழுந்து போகிறார். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, ஒருவரின் தலைக்குள் மட்டும் இருந்த அறிவு அவரோடு சேர்ந்தே இருளில் போயிற்று. ஒரே அறையில் இருப்பவர்கள் நாற்காலியைத் திருப்பிக் கேட்டுத் தப்பிக்கொள்வார்கள். தொலைவில் இருப்பவர்களுக்கு, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில், மாற்றம் ஏன் செய்யப்பட்டது என்று எழுதும் குறிப்பும், இன்னொருவர் கண்பட்ட மீளாய்வும், வெளியீட்டுக்கு முன் தானாக ஓடும் சோதனைகளுமே செயன்முறை.

‘முதிர்ச்சி’ காலம் போனால் தானே வந்துவிடுவது போலத் தொனிக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்குப் பிறவினை வடிவம் கைகொடுக்கும்: முதிர்ச்சி அடைந்த நிலை, முதிர்விப்பு அதை நோக்கிச் செய்யும் வேலை. ‘அறிவிப்பு’, ‘பயிற்றுவிப்பு’ வரிசையில் இது இயல்பாகவே நிற்கிறது. ஆகவே என் முன்மொழிவு ‘செயன்முறை முதிர்ச்சி’, ‘செயன்முறை முதிர்விப்பு’, ‘பரம்பிய அணி’. குடித்தொகைப் பரம்பல் என்று படித்தவர்களுக்குக் கடைசிச் சொல் புதிதாக இராது. ‘பகிர்ந்தளிக்கப்பட்ட அணி’ என்பதோ அணியைப் பங்கு போட்டுவிட்டது போலிருக்கிறது.

மட்டங்களின் பெயர்களில் ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. முதல் மாதிரியில் நான்காம் மட்டத்துக்கு இருந்த பெயரே (Managed) பின்னர் வந்த ஒருங்கிணைந்த மாதிரியில் (CMMI) இரண்டாம் மட்டத்துக்குப் போய்விட்டது. ‘முகாமைக்குட்பட்டது’ என்று ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் பழைய ஆவணங்களைப் படிப்பவர் குழம்புவார். புதிய மாதிரியின் இரண்டாம் மட்டத்துக்கு ‘முகாமை மட்டம்’, இரு மாதிரிகளின் நான்காம் மட்டத்துக்கும் ‘அளவீட்டு முகாமை மட்டம்’ என்று வைத்துக்கொண்டு, பழைய மாதிரியின் இரண்டாம் மட்டத்தை ‘மீள்செய் மட்டம்’ (Repeatable) என்று தனியே குறிக்கலாமா? வவுனியாவிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் இப்பாடத்தைக் கற்பிப்பவர்கள் வகுப்பில் எதைச் சொல்கிறார்கள் என்று எழுதினால், அதன்பின் பட்டியலை இறுதி செய்வோம்.

நன்றி.