போட்ட விண்டோஸ் காலையில் காணாமல் போன கதை: உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்

கடலோரத்தான், வெள்ளவத்தை:

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்ததிலிருந்து எங்கள் தொடர்மாடியில் லிஃப்டுக்குள்ளும் இதே பேச்சுத்தான். "பதினொன்று போட்டாயிற்றா?" போடுவது பெரிய காரியமில்லை. போட்டது நிற்க வேண்டுமே!

மூன்றாம் மாடி மாமியின் மகள் உயர்தரம் படிக்கிறாள். பாடக் குறிப்புகள், வகுப்பு ஒளிப்பதிவுகள் எல்லாம் அந்த வீட்டுக் கணினியில்தான். எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் வரிசை ஏறத்தாழ அங்கிருந்துதான் தொடங்குகிறது, ஆகவே தகுதியில் குறையில்லை. கடையொன்றில் கொடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இரவு அழகாக ஓடியது. காலையில் கறுப்புத் திரை. துவக்கக்கூடிய சாதனம் எதுவும் இல்லை என்று ஒரு வரி. மறுபடி முச்சக்கர வண்டி, மறுபடி கடை, மறுபடி புதிதாகப் போட்டார்கள், விடிந்தால் மறுபடி அதே வரி. கடைக்காரர் எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வட்டு) செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். புதியதன் விலையைக் கேட்ட மாமி, "தம்பி, காசைக் கொட்டுவதற்கு முன் நீர் ஒருமுறை வந்து பாரும்" என்றார்.

நான் போனதும் செய்தது ஒன்றுதான்: விண்டோஸ் எழுமுன் கணினியைத் துவக்கிவிடும் பயோஸின் அமைப்புத் திரைக்குள் போய் வாசித்தேன். எஸ்எஸ்டியின் பெயரும் கொள்ளளவும் பட்டியலில் ஒழுங்காக இருந்தன. செத்த வட்டு இப்படிப் பெயர் சொல்லி நிற்பது அபூர்வம். அதற்கு மேலே, திரையின் மூலையில், திகதி 2018 ஜனவரி என்று இருந்தது. கண் அங்கேயே நின்றுவிட்டது. மகளிடம் கேட்டால், "அது எப்போதும் அப்படித்தான் அண்ணா. காலையில் நேரத்தைத் திருத்தினால்தான் இணையத்தளங்கள் திறக்கும்" என்கிறாள். மாதக்கணக்காகத் திருத்திக்கொண்டிருக்கிறாள்! கடையில் இதைச் சொன்னாயா என்றால், அவர்கள் கேட்கவில்லையாம்.

மதர்போர்டில் ஐம்பது சத நாணயம் அளவில் ஒரு பற்றறி இருக்கும். சிஆர் 2032 என்று பெயர். 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கணினிக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். பல போர்டுகளில் பயோஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் அதுதான். சுவரில் சுவிச் போட்டிருக்கும்வரை மின்வழங்கியிலிருந்து வரும் சிறு மின்னோட்டம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், பற்றறி செத்திருந்தாலும் வெளியே தெரியாது. மாமியோ படுக்கப் போகுமுன் வீட்டிலுள்ள சுவிச்சுகளையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். மின்கட்டணம் விற்கும் விலையில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. அணைத்தவுடன் பயோஸ் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். அந்தப் போர்டின் தொழிற்சாலை நிலையோ லெகசி என்ற பழைய துவக்க முறை. விண்டோஸ் 11 ஏறியிருப்பது யூஈஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில், அதற்கேற்ப ஜிபிடி வகையில் பிரித்த வட்டில். வீட்டுக்காரர் முன்வாசலில் நிற்க, விருந்தாளி பின்வாசலைத் தட்டிக்கொண்டிருப்பது போலத்தான்.

யூஈஎஃப்ஐக்கு மாற்றி, அணைந்துகிடந்த பிடிடியையும் (விண்டோஸ் 11 கேட்கும் இன்டெல் பாதுகாப்பு வசதி) போட்டேன். விண்டோஸ் உடனே எழுந்து வந்தது. ஒரு கோப்புக்கூடப் போகவில்லை. பிறகு மாமியின் கண் முன்னாலேயே சுவிச்சை அணைத்து, அவர் தேநீர் போட்டுக்கொண்டு வரும்வரை காத்திருந்து, மீண்டும் போட்டேன். 2018 ஜனவரி. பழைய கறுப்புத் திரை. பற்றறியைக் கழற்றி மல்ட்டிமீற்றரில் பிடித்தால் ஒரு வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. மூன்று இருக்க வேண்டியது. கைக்கடிகாரம் திருத்தும் கடையில் புதியது வாங்கி, எழுத்துள்ள பக்கம் மேலே தெரிய அழுத்தினேன். அதன் பிறகு மாமி தாராளமாகச் சுவிச்சை அணைக்கிறார்.

என் கட்சி இதுதான்: "நிறுவல் தோல்வி" என்று ஒரு நோய் கிடையாது. எந்தக் கட்டத்தில் நின்றது, அதற்கு முன் அந்த வீட்டில் என்ன விசித்திரம் நடந்துகொண்டிருந்தது என்று கேட்காமல் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பது வேலையே அல்ல. உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:

அண்ணா, எனக்கு வினை பென் டிரைவில் வந்தது. புறக்கோட்டை நடைபாதையில் மலிவாகக் கிடைத்தது, 64 ஜிபி என்று மேலே அச்சடித்திருந்தது. முதலில் விண்டோஸ் நிறுவல் கோப்புகளை வெறுமனே அதில் இழுத்துப் போட்டேன். இன்ஸ்டால் டாட் விம் என்ற பெரிய கோப்பில் நின்றுவிட்டது. டிரைவ் இருந்த ஃபேட்32 என்ற கோப்பு வடிவமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அது தாண்டியிருந்தது. சரி என்று ரூஃபஸ் மென்பொருளால் எழுதினேன், எழுதியது. ஆனால் நிறுவும்போது ஒருமுறை பாதியில், ஒருமுறை முடியும் தறுவாயில், 0x80070570 என்ற பிழை. கோப்பு பழுதடைந்திருக்கிறது அல்லது படிக்க முடியவில்லை என்பது அதன் பொருள். வெவ்வேறு இடத்தில் நின்றதால் ரேம் (நினைவகம்) மீது சந்தேகப்பட்டு அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினேன், சுத்தம். கடைசியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய இலவசக் கருவி டிரைவ் முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துக் குட்டை உடைத்தது: உள்ளே இருந்தது வெறும் 8 ஜிபிதான். கொள்ளளவைப் பொய் சொல்லும்படி உள்ளே மாற்றி வைத்திருக்கிறார்கள். நண்பனின் பழைய 16 ஜிபி டிரைவில் போட்டதும் ஒரே மூச்சில் ஏறியது.

கணித ரீச்சர், தெஹிவளை:

என்னுடையது மடிக்கணினி, பதினொன்றாம் தலைமுறை இன்டெல். "எந்த வட்டையும் காணவில்லை" என்று நிறுவி கைவிரித்துவிட்டது. விசாரித்த இடத்திலெல்லாம் வட்டு போய்விட்டது என்றார்கள். (எல்லாக் கடைகளிலும் வட்டுத்தான் முதலில் சாகிறது!) உண்மையில் அந்தத் தலைமுறையிலிருந்து பல கணினிகளில் விஎம்டி என்ற இன்டெல் கட்டுப்படுத்தி வட்டுக்கும் விண்டோஸுக்கும் இடையில் நிற்கிறது. அதற்கான டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) நிறுவியிடம் இல்லாவிட்டால் வட்டு கண்ணுக்குத் தெரியாது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்துப் பென் டிரைவில் போட்டு, "டிரைவரை ஏற்று" என்பதை அழுத்தினேன். அப்போதும் காட்டவில்லை. பதிவிறக்கிய இயக்கு கோப்பாகவே (.exe) வைத்தால் நிறுவி அதைத் திரும்பிப் பார்க்காது. பிரித்தெடுத்து, உள்ளே டிரைவரின் விவரம் சொல்லும் ஐஎன்எஃப் கோப்பு இருக்கும் கோப்புறையைக் காட்ட வேண்டும். காட்டியதும் வட்டு வந்து நின்றது. விஎம்டியைப் பயோஸில் அணைத்தும் சமாளிக்கலாம் என்பார்கள். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் கணினியில் அதைச் செய்தால் அந்த விண்டோஸ் எழும்பாது, கவனம்.

பழைய அச்சுக்காரர், மருதானை:

பிள்ளைகளே, எனக்கு விண்டோஸ் ஒழுங்காகத்தான் ஏறியது. ஏறிய பிறகு என் கோயில் மலர்க் கோப்புகளைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. "அம்மா" இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள். வைரஸ் தின்றுவிட்டது என்று மகன் சொன்னான், எனக்குக் கை நடுங்கியது. விஷயம் இவ்வளவுதான்: அவை பாமினியில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துருவில், தட்டியவை. பாமினி எழுத்துரு புதிய விண்டோஸில் இல்லை. பழைய வட்டிலிருந்து எழுத்துருவை எடுத்துப் போட்டதும் அத்தனை பக்கமும் தமிழில் திரும்பி வந்தன. பழைய எழுத்துரு வைத்திருப்பவர்கள் விண்டோஸ் மாற்றுமுன் எழுத்துருக் கோப்புறையைத் தனியே எடுத்து வையுங்கள், பிள்ளைகள் அதை மறந்துவிடுவார்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:

ஐயா, எங்கள் அம்மப்பாவின் கோப்புகளும் அப்படித்தான் கிடக்கின்றன! இன்றைக்கே பார்க்கிறேன். கடலோரத்தான் அண்ணா, பிடிடி அணைந்துபோனால், வட்டைக் குறியாக்கும் பிட்லாக்கர் அதைப் பூட்டிவிடாதா?

கடலோரத்தான்:

நல்ல கேள்வி, தம்பி. பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டிருக்கும். மாமி வீட்டில் மைக்ரோசாஃப்ட் கணக்கில்லாமல் உள்ளூர்க் கணக்கில் போட்டிருந்தார்கள், குறியாக்கம் தொடங்கவில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தால், பல கணினிகளில் அது தானாகவே தொடங்கிவிடும். சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படும். பயோஸில் கை வைக்குமுன் கைபேசியில் கணக்கைத் திறந்து சாவி இருக்கிறதா என்று பார்த்து, ஒரு கொப்பியில் எழுதிக்கொள். கணக்கின் கடவுச்சொல் மறந்துவிட்டதென்றால் முதலில் அதைச் சரிசெய். பற்றறி மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.