கட்டார் போற நம்ம பிள்ளைகளுக்கு: கையெழுத்து வைக்க முன்னாடி பேசிக் எவ்வளவுன்னு பாருங்க

நேத்து நம்ம மலையகத்துல நோர்வூட் பக்கமிருந்து ஒரு தம்பி போன் பண்ணுனாரு, அண்ணே ஏஜென்ட் 1800 ரியால் சம்பளம்னு சொல்லுறாரு, அம்மாவோட சங்கிலிய அடகு வச்சாச்சு, போகலாமான்னு. நான் கேட்டது ஒன்னு தான், பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவுன்னு. தெரியாதுன்னாரு. அவர கொற சொல்ல மாட்டேன், ஆறு வருஷத்துக்கு முன்னாடி நானும் அப்புடித்தான் பிளேன் ஏறுனேன், அதனால தான் டோஹாவுக்குப் புதுசா வாறவங்களுக்கு இத எழுதுறேன்.

கட்டார்ல 2021 மார்ச் 20ல இருந்து சட்டப்படி ஆகக் கொறஞ்ச பேசிக் 1000 ரியால், வீட்டு வேலைக்குப் போறவங்களுக்கும் அதே தான். கம்பெனி சாப்பாடு குடுக்கலன்னா மேல 300, தங்க எடம் குடுக்கலன்னா 500. இப்ப கூட்டிப் பாருங்க, 1800 வருதுல்ல? ஏஜென்ட் ஏதோ பெரிய சம்பளம் வாங்கித் தந்த மாதிரி சொல்லுறது சட்டத்தோட அடிமட்டக் கணக்கத் தான். இங்க வந்ததும் கேம்ப்ல ரூமும் மெஸ் சாப்பாடும் குடுத்துருவாங்க, கைக்கு வாறது 1000. யாரும் ஏமாத்துனதா கேஸும் போட ஏலாது, ஏன்னா கொன்ட்ரெக்ட்ல அப்புடித்தான் எழுதிருக்கும், நம்ம தான் வாசிச்சிருக்க மாட்டோம்.

ஓடியும் (மேலதிக நேர வேலைக் காசு) சர்வீஸ் காசும் இந்த பேசிக்ல இருந்து தான் கணக்குப் பாப்பாங்க. 1000 பேசிக்னா மணிக்கு நாலு ரியால் சொச்சம், ஓடிக்கு ஆகக் கொறஞ்சது 25 வீதம் கூட, அப்ப மணிக்கு அஞ்சு ரியாலும் சில்லறையும். ஒரு வருஷம் முடிச்சா வருஷத்துக்கு மூணு கெழம பேசிக், அதாவது 700 ரியால், வேலய விட்டுப் போறப்ப தரணும். ஊர்ல அஞ்சு வருஷம் முடிஞ்சா தானே சர்வீஸ் காசு, இங்க ஒரு வருஷம் போதும், இது தெரியாம நம்ம ஆளுங்க நெறயப் பேரு டிக்கட்ட மட்டும் வாங்கிக்கிட்டு ஊருக்குப் போயிருக்காங்க.

கொழும்புல கட்டார் விசா சென்டர் ஒன்னு 2018ல இருந்து இருக்கு, மெடிக்கல், கைரேகை, கொன்ட்ரெக்ட் எல்லாம் அங்க தான். கொன்ட்ரெக்ட்ட தமிழ்லயே வாசிக்கலாம். என் கதைய கேளுங்க. அட்டன்ல இருந்து ராத்திரி பஸ்ல தூங்காம வந்து காலையில போய் நிக்கிறேன், சப் ஏஜென்ட் வெளியில நின்னுக்கிட்டு உள்ள என்னா கேட்டாலும் ஆமான்னு சொல்லு, இல்லாட்டி விசா கேன்சல்னு சொல்லிட்டாரு. அப்ப இந்த 1000 சட்டம் கூட வரல. கடையில ஒக்காந்து பேசுன தொக 1500, கொன்ட்ரெக்ட்ல 900. எனக்குத் தெரிஞ்சிச்சு, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவன் இல்ல நான். வட்டிக்கு வாங்குன சல்லி கண்ணு முன்னாடி வந்துச்சு, கையெழுத்து வச்சுட்டேன். அங்க மாட்டேன்னு சொல்லலாம், சொன்னா கம்பெனி திருத்தணும் இல்ல வேற ஆள் பாக்கணும். அத எனக்கு யாரும் சொல்லல, ஒங்களுக்கு நான் சொல்லுறேன்.

வேல நேரம் கெழமைக்கு 48 மணித்தியாலம், நோன்பு மாசத்துல 36. ஓடியோட சேத்து ஒரு நாளைக்கு 10க்கு மேல போகக்கூடாது. கெழமைக்கு ஒரு நாள் சம்பளத்தோட லீவு. வெயில்ல வேல செய்றவங்களுக்கு ஜூன் 1ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் காலையில 10ல இருந்து பின்னேரம் 3.30 வரைக்கும் வெளி வேல கெடையாது.

இதெல்லாம் சட்டம். கையில வாங்குறதுக்கு ஒரு கொப்பி வேணும். எங்கம்மா தோட்டத்துல தேயிலக் கொழுந்து நிறுக்குறப்ப ஒவ்வொரு தடவையும் கிலோவ கொப்பியில எழுதுவாங்க, கணக்கப்பிள்ளை முறைப்பாரு, மாசக் கடைசியில அரப்பேரு (அர நாள் சம்பளம்) போட்டா அந்தக் கொப்பிய தூக்கிக்கிட்டு ஒப்பீசுக்குப் போவாங்க. நானும் அதத்தான் செஞ்சேன். தெனம் எத்தன மணிக்கு பஸ் ஏறுனேன், எத்தன மணிக்கு வேல முடிஞ்சிச்சு, அவ்வளவு தான். ரெண்டாவது வருஷம் ஒரு மாசம் சூப்பர்வைசர் தாள்ல ஓடி 26 மணித்தியாலம், என் கொப்பியில 41. எச்ஆர் அம்மா மொதல்ல கேக்கல, திகதி வாரியா காட்டுன ஒடனே பஞ்ச் மெஷின் கணக்க எடுத்துப் பாத்தாங்க, அடுத்த மாசம் மிச்சம் வந்துச்சு. கத்துனா வந்திருக்காது.

இங்க ஊர்ல மாதிரி சங்கமும் இல்ல, தலைவரும் வர மாட்டாரு. நாலு பேரு சேந்து வேலைக்குப் போகாம ஒக்காந்தா ஊருக்கு அனுப்பிருவாங்க, அந்தப் பழக்கத்த கட்டுநாயக்காவுலயே விட்டுட்டு வாங்க. தொழில் அமைச்சுக்கு முறைப்பாடு குடுங்க, அதுக்குக் காசு கட்டத் தேவயில்ல, அங்க முடியலன்னா தீர்ப்பு சொல்ல கமிட்டி இருக்கு. ஆனா கொன்ட்ரெக்ட் முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள கேக்கணும்.

பாஸ்போர்ட் ஒங்க கையில தான் இருக்கணும். நீங்களா எழுதிக் குடுத்தா மட்டும் கம்பெனி வச்சிருக்கலாம், கேட்டா திருப்பித் தரணும், இல்லாட்டி 25,000 ரியால் வரைக்கும் தண்டம். வந்த அன்னைக்கு கட்டுக் கட்டா பேப்பர்ல கையெழுத்து கேப்பாங்க, அதுக்குள்ள இந்தக் கடிதமும் இருக்கும், கவனம்.

முன்னெல்லாம் வேற கம்பெனிக்கு மாறுறதுன்னா பழைய மொதலாளிகிட்ட என்ஓசி (ஆட்சேபனை இல்லங்குற கடிதம்) வாங்கணும், 2020ல அத எடுத்துட்டாங்க. எங்க தாத்தா சொல்லுவாரு, கடன கட்டுனா ஆள விடுறேன்னு தொரை எழுதிக் குடுக்குற துண்டு இல்லாம வேற தோட்டத்துக்குப் போக ஏலாதாம், 1921ல தான் நிப்பாட்டுனாங்களாம். நூறு வருஷத்துக்குப் பொறகு பேரன் பாலைவனத்துல அதே துண்டுக்கு அலைஞ்சேன், சிரிக்கிறதா என்னான்னு தெரியல. இப்ப ரெண்டு வருஷத்துக்குள்ளன்னா ஒரு மாசம், அதுக்கு மேலன்னா ரெண்டு மாசம் நோட்டீஸ். நோட்டீஸ் குடுக்காம கேம்ப விட்டுப் போனீங்கன்னா ஓடிட்டான்னு கேஸ் போட்டுருவாங்க, பொறகு ஒங்க பக்கம் ஞாயம் இருந்தாலும் கஷ்டம்.

வீட்டு வேலைக்கு வாற அக்காமார் தங்கச்சிமாருக்கு வேற சட்டம், 2017ல வந்தது. நாளைக்கு 10 மணித்தியாலம், கெழமைக்கு ஒரு முழு நாள் லீவு, வருஷத்துக்கு மூணு கெழம லீவு, சர்வீஸ் காசும் உண்டு. ஆனா வீட்டுக்குள்ள நடக்குறத யாரு பாக்குறது? அதனால வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துல பதியாம வராதீங்க, கொன்ட்ரெக்ட் கொப்பி ஒன்ன வீட்டுல குடுத்துட்டு வாங்க, போன் வரலன்னா ஊர்ல இருக்குற ஒங்க வீட்டுக்காரங்க பணியகத்தோட 1989 நம்பருக்கு அடிச்சு சொல்லலாம்.

நோர்வூட் தம்பி இன்னும் கையெழுத்து வைக்கலயாம். வேற யாரும் கொன்ட்ரெக்ட் காட்டிக் கேக்குறதுன்னா பேரையும் பாஸ்போர்ட் நம்பரையும் மறச்சுட்டு போட்டோ போடுங்க, எனக்கு வெள்ளிக்கிழம தான் லீவு, துணி தொவச்சு முடிச்சுட்டுப் பாக்குறேன்.