மேட்டுப்பாத்தி வெயிலில் காய்ந்துவிடுகிறது, தக்காளிப் பூவும் கொட்டுகிறது

தக்காளிப்பாத்தி:
வணக்கம். மேட்டுப்பாத்தி போட்ட பிறகு எனக்கு இது முதல் கோடை. எட்டடி நீளம், நாலடி அகலம், ஓரடி உயரம், சுற்றிலும் தகரம். உள்ளே பாதி தென்னை நார்க்கழிவு, மீதி தோட்ட மண்ணும் தொழு உரமும். குளிர்ந்த மாதங்களில் கீரை வெட்ட வெட்ட வந்தது. வெயில் 40 டிகிரியைத் தொட்டதும் எல்லாம் மாறிவிட்டது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன், அடியில் கசிந்து ஓடுவது கண்ணுக்கே தெரிகிறது, ஆனாலும் மதியம் செடி துவண்டு தொங்குகிறது. தக்காளி பூக்கிறது, காம்போடு உதிர்கிறது. பிடித்த நாலைந்து காயிலும் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல ஆகிவிட்டது. கால்சியம் குறைவு என்றார்கள், முட்டை ஓட்டுத் தூள் போட்டேன், பலனில்லை. எங்கே தவறு?

மண்வெட்டி:
நீங்கள் ஊற்றும் தண்ணீர் மண்ணுக்குள் போகவே இல்லை என்று நினைக்கிறேன். நார்க்கழிவு ஒருமுறை சுத்தமாகக் காய்ந்துவிட்டால் மறுபடி ஈரம் பிடிக்கத் தாமதமாகும், அதோடு சுருங்கவும் செய்யும், அப்போது தகரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு விழும், ஊற்றுவதெல்லாம் அந்த வழியே இறங்கி ஓடிவிடும். தண்ணீர் விட்டு அரைமணி கழித்து நடுப்பாத்தியில் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். என் பாத்தியில் மேலே கறுப்பாக ஈரம், இரண்டு அங்குலத்துக்குக் கீழே கையில் எடுத்தால் பொடியாக உதிர்ந்தது.

அப்படி இருந்தால் முதலில் ஓரத்து இடுக்கை மண் போட்டு அமுக்கி மூடுங்கள். அப்புறம் ஒரே மூச்சில் ஊற்றாமல் கொஞ்சம் விட்டு, கால்மணி நேரம் இருந்து, மறுபடி கொஞ்சம், இப்படி மூன்று நான்கு தடவை. நன்றாக ஊறியதும் காய்ந்த புல்லோ சருகோ இரண்டு மூன்று அங்குலத்துக்கு மூடாக்கு போடுங்கள், தண்டை மட்டும் ஒட்டாமல். இந்த ஒன்றைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் வீண், இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். அடுத்த முறை நிரப்பும்போது நார்க்கழிவைக் கால் பங்காகக் குறைத்து மண்ணைக் கூட்டுங்கள்.

காயின் அடி கறுப்பதும் பெரும்பாலும் இதனால்தான். மண்ணில் கால்சியம் இருந்தாலும் அது தண்ணீரோடுதான் காய்க்குப் போய்ச் சேரும். ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் வெள்ளம் என்றால் காய்க்குக் கிடைக்காது. முட்டை ஓடு மக்கவே மாதக்கணக்கில் ஆகும்.

வெண்டைப்பூ:
மண்வெட்டி சொன்னது சரி, ஆனால் பூ உதிர்வது தண்ணீரால் மட்டும் இல்லை. பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவிலும் 24, 25க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும், காய் பிடிக்காது. அதற்கு உரம் போட்டுப் பயனில்லை, தழைச்சத்து அதிகம் போட்டால் இலைதான் பெருக்கும். 30 முதல் 50 சதவீத நிழல்வலையை மேற்கு வெயில் படும் பக்கம் கட்டுங்கள், செடியைத் தொடாமல் உயரத்தில், காற்று ஓடும்படி. செடியைப் பிடுங்கிவிடாதீர்கள், வெயில் தணிந்தால் மறுபடி பிடிக்கும். அதுவரை காலி இடத்தில் வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை போடுங்கள், இவையெல்லாம் வெயிலுக்குப் பிறந்தவை.

மதியம் துவள்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். விடியற்காலையிலும் துவண்டிருந்தால்தான் தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம்.

பள்ளப்பாத்தி:
எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம்: உங்களுக்கு மேடு தேவைதானா? மழை தேங்கும் களிமண், இல்லை கெட்டித்தரை என்றால் மேடு வேண்டும். வறண்ட வெயில் பூமியில் மேடு என்பது நாலு பக்கமும் காயும் மண், அதிலும் தகரம் சூடேறி ஓரத்து வேரை வேகவைக்கும். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் சூனி பழங்குடிகள் நேர்மாறாக, சுற்றி மண்வரப்பு கட்டிய சிறு சிறு பள்ளக் கட்டங்களில் பயிர் வைத்தார்கள், விட்ட தண்ணீர் அப்படியே வேரடியில் நிற்கும். பாத்தியைப் பிரிக்க மனமில்லை என்றால் வெயில் அடிக்கும் பக்கத்துத் தகரத்தையாவது சாக்கு தொங்கவிட்டு மறையுங்கள்.

தக்காளிப்பாத்தி:
எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் தோண்டிப் பார்த்தேன். மூன்று அங்குலத்துக்குக் கீழே நார் வெளுத்துப்போய்ப் பஞ்சுபோல இருக்கிறது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஓரத்தில் இரண்டு விரலே நுழைகிறது. விடியலில் பார்க்கும்போதும் செடி நிமிர்ந்திருக்கவில்லை, அதை நான் கவனிக்கவே இல்லை. இன்று மாலை இடுக்கை மூடி மெதுவாக ஊறவைக்கிறேன். மேற்குப் பக்கத் தகரத்துக்குச் சாக்கும் எடுத்துவைத்துவிட்டேன்.