ஐந்து கட்டடங்கள், நடுவில் வாய்க்கால்: நெட்வொர்க்கும் ஐபி போனும் எப்படி அமைக்கலாம்?

விதைநெல்:
திருத்துறைப்பூண்டி பக்கம் ஓர் அறக்கட்டளைக்கான வேலை. அலுவலகத்திலிருந்து குழந்தைகள் இல்லம் 80 மீட்டர், மருந்தகம் 140 மீட்டர். விதைக்கிடங்கு வாய்க்காலுக்கு அந்தக் கரையில், 350 மீட்டர். தையல் பயிற்சிக்கூடம் மட்டும் பக்கத்து ஊரில், 2.5 கிலோமீட்டர், இடையில் வயலும் ஒரு தென்னந்தோப்பும். அலுவலகத்தில் ஃபைபர் பிராட்பேண்ட் இருக்கிறது. அதோடு வரும் லேண்ட்லைன் நம்பர்தான் ஊருக்கே தெரிந்தது, மாற்ற முடியாது. மொத்தம் 14 போன். கேட்6 (செம்புக் கம்பி) நெட்வொர்க் கேபிளைக் கம்பத்தில் இழுத்து, நடுவில் ஸ்விட்ச் வைத்து முடித்துவிடலாம் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா? கரண்ட் போனாலும் மருந்தகத்திலும் இல்லத்திலும் போன் வேலை செய்தாக வேண்டும்.

கண்ணாடி இழை:
வேண்டாம். 80 மீட்டர் இல்லத்துக்குக்கூட வேண்டாம். கேட்6-க்கு 100 மீட்டர் வரம்பு என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரியது இடி. ஒவ்வொரு கட்டடத்துக்கும் எர்த் தனி. பக்கத்தில் இடி இறங்கினால் இரண்டு எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் ஏறி, செம்புக் கம்பி வழியே பாய்ந்து இரண்டு பக்க ஸ்விட்ச் போர்ட்டையும் எரித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அது நடந்தே தீரும். செம்பு கட்டடத்துக்குள்ளேயே நிற்கட்டும். வெளியே போவது ஃபைபர் மட்டும்.

அலுவலகத்திலிருந்து மூன்று கட்டடங்களுக்கும் தனித்தனியாக 6 கோர் (ஆறு இழை) சிங்கிள்மோட் ஃபைபர் இழுங்கள். ஓடப்போவது இரண்டு கோர்தான், மீதி கையிருப்பு. 40 மில்லிமீட்டர் எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) குழாயை ஒரு மீட்டர் ஆழத்தில் போட்டு, அரை மீட்டர் மேலே எச்சரிக்கை நாடா விரியுங்கள். கம்பத்தில் இழுத்தால் என்ன ஆகும் என்பதை 2018 நவம்பரில் கஜா புயல் காட்டிவிட்டது.

குழாயின் இரண்டு வாயையும் கட்டாயம் அடையுங்கள். வரப்பு எலி உள்ளே புகுந்தால் கேபிள் மிஞ்சாது. மழைக்காலத்தில் சேற்றுத் தண்ணீரும் அதே வழியாகக் கட்டடத்துக்குள் வரும்.

வாய்க்காலைத் தரைக்கடியில் தாண்டாதீர்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் தூர்வார பொக்லைன் இறங்கும், நாடா இருப்பதை அது பார்க்காது. நடைபாலத்தின் பக்கவாட்டில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைக் கிளாம்ப் அடித்து அதனுள் கொண்டுபோங்கள். நீர்வளத்துறை வாய்க்கால் என்றால் முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இரண்டு கரையிலும் 5 மீட்டர் கேபிளைச் சுருட்டி வையுங்கள். அறுந்தால் ஒட்டுவதற்கு நீளம் வேண்டும்.

இந்தத் தூரத்துக்கு மொத்த ஒளி இழப்பு 1 டெசிபலை ஒட்டி இருந்தால் சரி. 3-ஐத் தாண்டினால் கனெக்டரில் அழுக்கு, அல்லது எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது. பச்சை முனையை நீல முனையோடு சொருகினாலும் இதே கோளாறு வரும்: பச்சையின் முகம் சாய்வாக இருப்பதால் இரண்டும் ஒட்டி உட்காராது.

தோப்புக்கரை:
ஆர்மர்டு கேபிளைத் தள்ளிவிடுவார்கள், கவனம். எஃகு உறை இருந்தால் இடிக்கு அதுவும் ஒரு கம்பிதான். குழாயே எலியைப் பார்த்துக்கொள்ளும். உலோகமே இல்லாத, எஃப்ஆர்பி (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) கம்பி வைத்த கேபிள் போதும். ஆர்மர்டுதான் கிடைத்தது என்றால் உறையைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி எர்த் செய்யுங்கள், ராக் (ஸ்விட்ச் வைக்கும் அலமாரி) வரை கொண்டுவராதீர்கள்.

2.5 கிலோமீட்டருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் போடலாமே என்று தோன்றும். பார்வைக்கோடு மட்டும் கிடைத்தால் போதாது. நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 3.4 மீட்டர் வெற்றிடம் வேண்டும். தென்னைக்கு மேலே அவ்வளவு இடைவெளி விட மாடியில் நட்ட கம்பம் எட்டாது, டவரே வேண்டும். மட்டை நனைந்தால் சிக்னல் இன்னும் இறங்கும். அங்கே தனி பிராட்பேண்ட் எடுத்து, வயர்கார்டு விபிஎன்னில் (இணையத்தின் வழியே போடும் பூட்டிய தனிப்பாதை) அலுவலகத்தோடு சேருங்கள். அலுவலகத்தில் மட்டும் ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கினால் போதும். பயிற்சிக்கூட ரவுட்டர்தான் கூப்பிடும் பக்கம். அதில் கீப்அலைவ் (இணைப்பு அறாமல் இருக்க அனுப்பும் சின்னத் துடிப்பு) 25 வினாடி.

மணியோசை:
போன் பக்கம் நான் சொல்கிறேன். ஒரு சின்ன மினி பிசியில் ஃப்ரீபிபிஎக்ஸ் (போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச், அதாவது பிபிஎக்ஸ், மென்பொருள்) போதும், எஸ்எஸ்டி இருக்கட்டும். போன்களுக்குத் தனி விலான் (அதே கேபிளில் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்). ஒரு கால் ஜி.711 என்ற குரல் முறையில் ஒரு திசைக்குச் சுமார் 87 கிலோபிட். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 மெகாபிட் ஆகாது. பிளானைப் பெரிதாக்கிப் பயனில்லை. யாராவது வீடியோ ஏற்றும்போது அப்லோட் நிரம்பித்தான் குரல் உடையும். அளந்து பார்த்த அப்லோட் வேகத்தில் 85 சதவீதத்தோடு ரவுட்டரில் வரம்பு கட்டி, குரலுக்கு முதலிடம் கொடுங்கள்.

ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜியை (ஐபி போன் சிக்னலை இடையில் திருத்தும் வசதி) அணையுங்கள். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறது என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். ஐபி போன் சிக்னல் வரும் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவே கூடாது. 00-இல் தொடங்கும் வெளிநாட்டு அழைப்பையும் பூட்டுங்கள்.

பழைய நம்பர் அப்படியே இருக்கும். பிராட்பேண்ட் பெட்டியின் போன் போர்ட்டிலிருந்து ஒரு எஃப்எக்ஸ்ஓ கேட்வேக்கு (லேண்ட்லைனை பிபிஎக்ஸோடு சேர்க்கும் பெட்டி) இணைப்பு. கூப்பிட்டவர் வைத்த பிறகும் லைன் பிடித்தபடியே இருந்தால் கேட்வேக்கு நம் நாட்டு பிஸி டோன் தெரியவில்லை என்று அர்த்தம். 400 ஹெர்ட்ஸ், 0.75 வினாடி ஒலி, 0.75 வினாடி அமைதி என்று கையால் பதியுங்கள்.

விதைநெல்:
மிக்க நன்றி. மருந்தகத்துக்கு பேட்டரி எவ்வளவு? 4 போன், ஒரு வைஃபை பெட்டி, ஒரு பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே போனுக்குக் கரண்ட் தருவது). 8 மணி நேரம் தாங்க வேண்டும்.

தோப்புக்கரை:
போன்கள் 20 வாட், ஸ்விட்ச் 10, வைஃபை 12, இன்வெர்ட்டர் தனக்கே 15 எடுக்கும். 57 வாட் என்று வையுங்கள். 8 மணிக்கு 456 வாட்-மணி. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி 1200 வாட்-மணி தரும், பாதிக்கு மேல் இறக்காமல், இழப்பும் போக 500 சொச்சம். சரியாக இருக்கும். அதே கணக்கில் அலுவலகத்துக்கும் ஒன்று வையுங்கள். பிபிஎக்ஸும் பிராட்பேண்ட் பெட்டியும் அங்கே அணைந்தால் மருந்தகத்தில் பேட்டரி இருந்தும் போன் ஊமைதான்.

இன்வெர்ட்டர் சுவிட்சை யூபிஎஸ் பக்கம் வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் மாறும் ஒவ்வொரு முறையும் போன் எல்லாம் அணைந்து எழும். ஆனால் பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 180-க்குக் கீழே போனால் அந்த நிலையில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும். உண்மையான மின்வெட்டு வருவதற்குள் சார்ஜ் தீர்ந்திருக்கும். முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் போடுங்கள்.

மணியோசை:
ஒன்று விட்டுப்போனது. 108 (ஆம்புலன்ஸ்), 112 (அவசர உதவி), 1098 (குழந்தைகள் உதவி) மூன்றும் எந்த போனிலும் முன்னால் 0 அழுத்தாமல் நேரே போகிற மாதிரி டயல் பிளானில் எழுதுங்கள். லைனில் வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் அதைத் துண்டித்து இதற்குக் கொடுக்க வேண்டும். இருப்பது ஒரே லைன் என்பதால் இல்லத்திலும் மருந்தகத்திலும் சார்ஜ் குறையாமல் ஒரு சாதாரண மொபைலும் இருக்கட்டும்.