ஈரானியர்களின் அமெரிக்க வெறுப்பு: 1953 மட்டும்தான் காரணமா?

கேள்வி:
1979-ல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்த மாணவர்கள், 26 வருஷத்துக்கு முந்தைய ஆட்சிக் கவிழ்ப்பை ஏன் இழுத்தார்கள்? அவர்களில் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டார்களே?

பதில் 1:
அவர்கள் பயந்தது பழைய கதைக்கு இல்லை, அது திரும்ப நடக்கும் என்பதற்கு. 1953 ஆகஸ்ட் 15 நள்ளிரவு, பிரிட்டிஷ் கம்பெனி வசமிருந்த எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதெக்கைப் பதவி நீக்கும் ஈரான் மன்னர் ஷாவின் ஆணையோடு கர்னல் நஸீரி அவர் வீட்டுக்குப் போனார். விஷயம் முன்பே கசிந்திருந்ததால் அங்கேயே கைதானார். ஷா பாக்தாத் போய், அங்கிருந்து ரோமுக்குப் பறந்தார். வாஷிங்டனே கைகழுவ நினைத்த நேரத்தில், சி.ஐ.ஏ.வின் கெர்மிட் ரூஸ்வெல்ட் தெஹ்ரானை விட்டு நகரவில்லை. 19-ம் தேதி தெருவில் காசு கொடுத்துத் திரட்டிய கூட்டம், பின்னால் டாங்கிகள். சாயங்காலத்துக்குள் ஜெனரல் ஜாஹெதி பிரதமர். மூன்று நாளில் ஷாவும் திரும்பிவிட்டார்.

இப்போது 1979-ஐப் பாருங்கள். ஜனவரியில் ஷா ஓடினார். அக்டோபர் 22-ல் சிகிச்சை என்று சொல்லி அமெரிக்கா அவரை உள்ளே விட்டது. ஓடிய ஷா, அடைக்கலம் கொடுக்கும் அமெரிக்கா, ஊருக்குள் தூதரகம். 13 நாளில் மாணவர்கள் சுவரேறிவிட்டார்கள்.

பதில் 2:
1964-ஐ விட்டுவிட்டீர்கள். அமெரிக்க ராணுவ ஆலோசகர்களும் அவர்கள் குடும்பத்தாரும் என்ன குற்றம் செய்தாலும் ஈரான் கோர்ட் விசாரிக்க முடியாது என்று அந்த அக்டோபரில் மஜ்லிஸ் (ஈரான் நாடாளுமன்றம்) சட்டம் போட்டது. கையோடு அமெரிக்காவிடம் 20 கோடி டாலர் கடன் வாங்கவும் ஒப்புதல். அமெரிக்கன் வீட்டு நாயைக் காரில் இடித்தால் ஷாவையே விசாரிப்பார்கள், அமெரிக்கச் சமையல்காரன் ஷாவை இடித்தாலும் கேட்க நாதியில்லை என்று, பின்னால் 1979 புரட்சிக்குத் தலைமை தாங்கிய மதத் தலைவர் கொமேனி பேசினார். சாதாரண ஆளுக்கு எண்ணெய்க் கணக்கைவிட இது சுருக்கென்று தைத்தது. நவம்பர் 4-ல் அவரை நாடு கடத்தினார்கள். தூதரகம் விழுந்ததும் ஒரு நவம்பர் 4-தான். ஈரான் நாட்காட்டியில் இரண்டுமே ஆபான் 13.

பதில் 3:
ஒரு திருத்தம். 1953 அமெரிக்கா தனியாகச் செய்ததில்லை, எண்ணெய் பறிபோனது பிரிட்டனுக்கு, திட்டத்தைக் கிளப்பியதும் அவர்கள்தான். ஆனால் 1954 எண்ணெய்ப் பங்கீட்டில் பழைய பிரிட்டிஷ் கம்பெனிக்கு 40 சதவீதம், அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் 40. அதுவரை ஈரான் எண்ணெயில் அமெரிக்கர்களுக்குப் பங்கே கிடையாது. மிச்சம் ஷெல்லுக்கு 14, பிரெஞ்சுக் கம்பெனிக்கு 6.

இன்னொன்று, மதத் தலைவர் காஷானியும் கடைசியில் மொசாதெக்கைக் கைவிட்டவர். அதனால்தான் மதத் தலைவர்கள் நடத்தும் இன்றைய ஆட்சி 1953-ஐ உரக்கப் பேசும், மொசாதெக் பெயர் வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.